நானூறு குருசாடோவும் ஒரு பதினாறு பக்க நூலும்

தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலின் கடைசிப் பக்கத்தில் இரண்டு விதமான தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. ஒன்று 1577ல் கோவாவில் செய்தது, மற்றது 1578ல் கொல்லத்தில் வார்த்தது. இரண்டையும் ஒரே பக்கத்தில் பொருத்திக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் அச்சிட்டவர்கள். எழுத்துகளைக் கூர்ந்து பார்த்தால் மெய்க்குப் புள்ளி கிடையாது, குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது. அன்றைக்கு ஓலையில் எழுத்தாணி எப்படிப் போனதோ அப்படியே ஈயமும் போயிருக்கிறது. ஓலை வாசித்துப் பழகிய கண்ணுக்கு இந்தத் தாள் அந்நியமாகத் தெரிந்திருக்காது.

நூலின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. பதினாறே பக்கம். பதினான்கு சென்டிமீட்டர் உயரம், பத்து சென்டிமீட்டர் அகலம், சட்டைப்பையில் அடங்கிவிடும். 1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில், மீட்பர் பெயரால் இயேசு சபையினர் நடத்திய கல்லூரியில் அச்சாகி முடிந்தது. இந்திய மொழி எழுத்து எதிலும் இதற்கு முன் ஒரு நூல் அச்சானதில்லை. இதை நாம் மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். மொழிபெயர்த்த அண்டிரிக் அடிகளாரின் பெயரைச் சொல்கிறோம். எழுத்து செய்த ஜுவான் கொன்சால்வஸ், ஜுவான் தெ ஃபாரியா பெயர்களை அச்சு வரலாறு படித்தவர்கள் சொல்வார்கள். செலவுக்கு யார் கொடுத்தார்கள் என்பதுதான் அநேகமாக யார் வாயிலும் வருவதில்லை. தமிழ் அச்சு வேலைக்கென்று முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 400 குருசாடோ திரட்டிக் கொடுத்தார்கள். குருசாடோ என்பது சிலுவை பொறித்த போர்ச்சுக்கல் நாணயம்.

அந்த நாணயம் கடலடியிலிருந்து வந்தது. நூலின் பயணத்தை அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும்.

தூத்துக்குடிக் கரையிலிருந்து மன்னார் வளைகுடாவுக்குள் போனால் கடலடியில் பாறைத் திட்டுகள் உண்டு. பார் என்பார்கள். பன்னிரண்டு முதல் இருபத்தைந்து மீட்டர் ஆழத்தில் முத்துச் சிப்பி ஒட்டி வளர்வது இந்தப் பார்களில்தான். சிலாபம், அதாவது முத்துக்குளிப்பு, அறிவித்துவிட்டால் தோணிகள் நள்ளிரவில் கரைக்காற்றைப் பிடித்துக் கிளம்பும், விடியும்போது பாரின் மேல் நிற்கும். குளிக்கிறவர் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் பாதத்தை ஊன்றுவார், மூக்கைப் பிடித்துக்கொள்வார், கல்லோடு நேரே கீழே போவார். தரை தட்டியதும் கல்லை விட்டுவிட, மேலே கயிறு பிடித்து நிற்பவர் அதை இழுத்துக்கொள்வார். கழுத்தில் தொங்கும் வலைப்பையில் கைக்கு எட்டிய சிப்பியை எல்லாம் வாரிப் போட ஒரு நிமிடம்போல அவகாசம். மூச்சு முட்டும்போது கயிற்றைச் சுண்டுவார், மேலே இழுப்பார்கள். குளிக்கிறவருடைய உயிர் அந்த நேரத்தில் கயிறு பிடித்த கையில் இருக்கிறது. அதனால் அந்த இடத்துக்கு நம்பிக்கையான ஆளைத்தான், பெரும்பாலும் உறவுக்காரரைத்தான் வைப்பார்கள். நண்பகலில் கடற்காற்று திரும்ப, தோணியும் திரும்பும்.

கரைக்கு வந்த சிப்பி பங்கு பிரிக்கப்படும். பங்கைக் குவித்து அழுகவிடுவார்கள். அந்த நாற்றத்தையும் ஈயையும் பற்றி எழுதாத பயணி இல்லை. சதை கரைந்தபின் கழுவி, அரித்து, சலித்துப் பார்த்தால் பெரும்பாலான சிப்பியில் ஒன்றும் இருக்காது. சில வருடம் பாரில் சிப்பியே இருக்காது. கிடைத்ததிலும் ஆள்கிறவருக்குப் போனது போகத்தான் குளித்தவருக்கு. பிரிட்டிஷ் அரசாங்கம் சிலாபம் நடத்திய காலத்தில் மூன்றில் இரண்டு பங்கை அரசு எடுத்துக்கொண்டது. பரதவரோடு காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்களும் இதே பார்களில் குளித்தார்கள். யார் குளித்தாலும் மூச்சின் கணக்கு ஒன்றுதான். 400 குருசாடோ கொடுத்தார்கள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வராததற்கு இதுதான் காரணம்.

எதற்காகக் கொடுத்தார்கள்? இங்கே கதை அவ்வளவு எளிதில்லை. 1530களில் முத்துக்குளிக்கும் உரிமையை ஒட்டி எழுந்த கடும் சண்டையில் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைத் தேடினார்கள். 1535 முதல் 1537 வரை ஊர் ஊராகத் திருமுழுக்கு நடந்தது, ஏறத்தாழ இருபதாயிரம் பேர். இயேசு சபைக் குருவான சவேரியார் 1542 அக்டோபரில் இந்தக் கரைக்கு வந்தபோது இவர்களுக்குப் பெயர் மட்டும் மாறியிருந்தது, மறைக்கல்வி இல்லை. அவர் பிள்ளைகளைப் பிடித்தார். மணி அடித்து வரவழைத்து, தமிழில் பெயர்த்த மன்றாட்டுகளை மனப்பாடம் செய்யவைத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வீட்டில் யாராவது பழைய சாமி கும்பிட்டால் பிள்ளைகள் வந்து சொல்வார்கள், பிள்ளைகளே சிலைகளை உடைப்பார்கள் என்று சவேரியாரே தம் கடிதத்தில் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். தாய் தகப்பனின் சாமியைப் பிள்ளையின் கையால் உடைக்கவைத்த அந்த வரியை இன்று படிக்கும்போது வலிக்கிறது. இந்தக் கரையின் விசுவாசத்தை மதித்துக்கொண்டே அதைச் சொல்லலாம், சொல்லியாகவும் வேண்டும்.

அந்தக் கல்விக்குப் பணம் வந்த வழியையும் பார்க்க வேண்டும். முத்துக்குளித்துறை போர்ச்சுக்கலுக்குச் செலுத்திய திறையில் ஆண்டுக்கு 4000 பொன்பணம் அரசி கத்தரீனாவின் பாதுகைச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. லிஸ்பனில் ஓர் அரசியின் காலணிக்கு வேம்பாற்றிலும் மணப்பாட்டிலும் மூச்சடக்கியவர்கள் பணம் கட்டினார்கள். சவேரியார் அந்தத் தொகையை ஊர் ஊராக வைத்த உபதேசியார்களின் சம்பளத்துக்குக் கேட்டு வாங்கினார். பாதுகைப் பணம் பள்ளிப் பணமானது. கடலிலிருந்து எடுத்தது ஒரு சுற்றுச் சுற்றிக் கரைக்கே திரும்பி வந்தது, ஆனால் என்ன கற்பிப்பது என்று முடிவு செய்கிற உரிமை அதோடு திரும்பவில்லை.

லிஸ்பனில் 1554ல் ஒரு தமிழ் மறைக்கல்வி நூல் அச்சானது. தமிழ்தான், ஆனால் எழுத்து ரோமன் எழுத்து. வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா தெ குருஸ் என்ற மூன்று தமிழர்கள் சேர்ந்து செய்தது. அவர்களுடைய ஊர்ப்பெயர்கள் உதிர்ந்து, திருமுழுக்குப் பெயர்கள் மட்டும் நூலில் நிற்கின்றன. புன்னைக்காயலில் ஓலை வாசிக்கத் தெரிந்த ஒருவர் கையில் அந்த நூலைக் கொடுத்தால் ஒரு சொல் படிக்க முடியாது. தமிழ் எழுத்திலேயே அச்சு வேண்டும் என்ற தேவை அங்கிருந்து தெளிவாகிறது.

அந்தத் தேவையைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் அண்டிரிக் அடிகளார், போர்ச்சுக்கீசியப் பெயர் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ். 1520ல் வில்லா விசோசாவில் பிறந்தவர். யூத வம்சத்தில் வந்தவர் என்பதற்காக ஒரு துறவற சபை அவரை வெளியே அனுப்பிவிட்டது, இயேசு சபை சேர்த்துக்கொண்டது. 1546ல் இந்தியா வந்து, அடுத்த ஆண்டுகளில் முத்துக்குளித்துறைக்கு வந்தவர் 1600ல் சாகும்வரை இந்தக் கரைக்காரராகவே இருந்துவிட்டார். மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசுவதை விட்டுத் தாமே தமிழ் கற்றார். கற்றபடி இலக்கணமும் எழுதினார். தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் அவருடைய இருப்பிடம். இன்றைக்கு அங்கே போனால் வள்ளமும் வலையும்தான் கண்ணில் படும். அன்று அது மருத்துவமனையும் கல்விக்கூடமும் கொண்ட ஊர்.

அச்சு எந்திரம் கோவாவுக்கு 1556ல் வந்தது. எத்தியோப்பியாவுக்குப் போக வேண்டியது, வழியில் கோவாவிலேயே தங்கிவிட்டது. அதிலிருந்து தமிழ் எழுத்து உருவாக இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஜுவான் கொன்சால்வஸ் என்ற ஸ்பானியச் சகோதரர் 1577ல் கோவாவில் தமிழ் எழுத்துகளைச் செய்தார். தமிழ் தெரியாதவர் கையில் தமிழ் எழுத்து கோணாமல் வருவதற்கு உடனிருந்து உதவியவர் பேரோ லூயிஸ், பிராமணக் குடும்பத்தில் பிறந்து இயேசு சபையில் சேர்ந்தவர். வந்த எழுத்து திருப்தியாக இல்லாமல் ஜுவான் தெ ஃபாரியா கொல்லத்தில் புதிதாக வார்த்தார். ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனித்தனி அச்சு செதுக்கி, வார்த்து, தேய்த்து எடுக்க வேண்டும். எழுத்துத் தொகை அதிகமான மொழிக்கு இந்தச் செலவு பயங்கரமானது. தாளும் மையும் அதற்கு முன்னே ஒன்றுமில்லை. பரதவர்கள் கொடுத்த பணத்தின் அருமை இங்கேதான் புரிகிறது. பதினாறு பக்கத்துக்கு 400 குருசாடோ என்று கணக்குப் பார்த்தால் தப்பு. அடுத்தடுத்து வந்த நூல்களுக்கெல்லாம் அடித்தளம் போட்ட பணம் அது.

அடுத்த வருடமே, 1579ல், கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ அச்சானது. 1580ல் பாவசங்கீர்த்தன நூல் ஒன்று வந்தது. பிறகு 1586ல் பெரிய வேலை. புனிதர்களின் சரிதம் சொல்லும் ‘அடியார் வரலாறு’, அறுநூற்றைம்பது பக்கத்துக்கும் மேல். அது புன்னைக்காயலிலேயே அச்சானது என்பது அறிஞர் பலருடைய கருத்து. என்னைக் கேட்டால் தமிழ் உரைநடையில் ஆர்வம் உள்ளவர்கள் ‘தம்பிரான் வணக்க’த்தைவிட இதைத்தான் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டும். பண்டிதர் நடை படியாத, வாய்ச்சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கிற 16ஆம் நூற்றாண்டுக் கடற்கரைத் தமிழ் இத்தனை பக்கம் வேறெங்கும் நமக்குக் கிடைக்கவில்லை. சொந்த மூச்சை விற்ற பணத்தில் ஒரு சமூகம் தன் பேச்சை இப்படிப் பதிந்து வைத்துக்கொண்டது என்று நினைக்கிறேன். அவர்கள் நினைத்துச் செய்தது பக்திக் காரியம். நமக்குக் கிடைத்தது அவர்களுடைய குரல்.

அண்டிரிக் அடிகளார் 1600ல் காலமானார். தமிழ் அச்சும் அவரோடு தேங்கிப்போனது. மறுபடி குறிப்பிடத்தக்க தமிழ் அச்சு வேலை நடந்தது 1670களில், சேர நாட்டு அம்பலக்காட்டில். அந்தோனியோ தெ புரொயென்சாவின் தமிழ்–போர்ச்சுக்கீசிய அகராதி அங்கே 1679ல் வந்தது. தூத்துக்குடியை 1658ல் டச்சுக்காரர் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் கரையில் ஒளிந்து வாழ்ந்த காலம் தொடங்கியது. இன்று அறியப்பட்ட ‘தம்பிரான் வணக்க’ப் படி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கிறது. ‘அடியார் வரலாறு’ வத்திக்கானிலும் கோபன்ஹேகன் அரச நூலகத்திலும் இருக்கிறது. காசு கொடுத்த கரையில் ஒரு படியும் தங்கவில்லை.

முந்நூற்று எழுபது வருடத்துக்கு மேல் தமிழ்நாடு இந்தச் சிறு நூலைக் கண்ணால் பார்க்கவில்லை. 1952ல் ஜார்ஜ் ஷுர்ஹாமர் என்ற இயேசு சபை வரலாற்றாசிரியரும் காட்ரெல் என்பவரும் ஹார்வர்டு நூலக இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். அதே காலத்தில் இன்னொருவர் உலகம் சுற்றிக்கொண்டிருந்தார். ஈழத்துக் கரம்பனில் பிறந்து, தூத்துக்குடி மறைமாவட்டக் குருவாகி, வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக இருந்த தனிநாயகம் அடிகள். தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கியவர். 1554ஆம் வருட லிஸ்பன் நூலையும், வத்திக்கானில் இருந்த புரொயென்சாவின் அகராதியையும் தமிழ் ஆய்வாளர் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்.

நூல் கரைக்குத் திரும்பியது அந்தக் கழகத்தின் வழியாகத்தான். இயேசு சபையைச் சேர்ந்த இராசமாணிக்கம் அடிகள் ‘தம்பிரான் வணக்க’த்தையும் ‘கிரிசித்தியானி வணக்க’த்தையும் 1963ல் தூத்துக்குடியிலிருந்து பதிப்பித்தார். 1967ல் ‘அடியார் வரலாறு’ம் அங்கிருந்தே வந்தது. புள்ளியில்லாத பழைய எழுத்தைப் பிரித்து, போர்ச்சுக்கீசியச் சொற்களை அடையாளம் கண்டு, அறுநூறு பக்கத்துக்கு மேல் செப்பனிட்ட உழைப்பு அது. முதல் இரண்டு பதிப்புகளுக்கு இரண்டு வருடம் முந்தி, 1961ல், தூத்துக்குடியில் கடைசி முத்துச் சிலாபம் நடந்து முடிந்திருந்தது. அதற்குப் பின் அரசு சிலாபம் நடத்தவே இல்லை. 1974ல் தூத்துக்குடி பெருந்துறைமுகமானது. குளித்தவர்களின் பேரப்பிள்ளைகள் கப்பலுக்கும் உப்பளத்துக்கும் விசைப்படகுக்கும் போனார்கள்.

இப்போது, இந்தக் கரையின் வரலாற்றை எழுத நினைக்கிறவருக்கு யார் பணம் தருகிறார்கள்? கடற்கரை ஊர்களில் மீன்பாட்டிலிருந்து கோயிலுக்குக் குத்தகை ஒதுக்கும் பழக்கம் உண்டு. கோயில் கட்டுவார்கள், கொடிமரம் மாற்றுவார்கள், திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் திரட்டுவார்கள். கொடுக்கத் தெரியாத சமூகம் இல்லை. புத்தகத்துக்குக் கொடுக்கும் வழக்கம்தான் அறுந்துவிட்டது. ஜோ டி குருஸின் ‘கொற்கை’ நாவல் 2013ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. கடலோடியின் கதைக்கு வாசகர் இருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று. ஆனால் வரலாற்று ஆய்வு நாவலைப் போல ஒருவர் நினைவிலிருந்தும் காதிலிருந்தும் எழுதிவிட முடியாது. கடிதங்கள் போர்ச்சுக்கீசியத்திலும் லத்தீனிலும் இருக்கின்றன. செண்பகனூர் ஆவணக்காப்பகத்துக்கும் கோவாவுக்கும் லிஸ்பனுக்கும் போக வேண்டும். பழைய கையெழுத்து படிக்கக் கற்க வேண்டும். வருடக்கணக்கில் சம்பளமில்லாமல் இதைச் செய்ய யாரால் முடியும்?

தமிழ் வளர்ச்சித் துறை நூல் வெளியிட நிதியுதவி தருகிறது. ஆதிதிராவிடர் நலத்துறையும் எழுத்தாளர்களுக்கு உதவுகிறது. நூலக ஆணை கிடைத்தால் பதிப்பாளர் பிழைத்துக்கொள்வார். இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் எல்லாமே எழுதி முடித்த கையெழுத்துப் படிக்கு வரும் உதவி. ‘தம்பிரான் வணக்க’த்தின் கணக்கை எடுத்துப் பாருங்கள். ஒரு மனிதர் முப்பது வருடம் இந்தக் கரையில் சாப்பிட்டு, தங்கி, மொழி கற்க யாரோ செலவழித்தார்கள். உபதேசியார்களுக்குச் சம்பளம் போனது. எழுத்து வார்க்கப் பணம் போனது. கடைசியில்தான் தாள். நம்முடைய நல்கைகள் தாளுக்கு மட்டும் காசு எடுத்து வைக்கின்றன.

கனடாவைப் பார்த்தால் வேறு வழியும் உண்டு என்று தெரியும். அங்கே பூர்வகுடிப் பிள்ளைகள் ஒன்றரை லட்சம் பேரை வீட்டிலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் போட்டார்கள். பெரும்பாலும் திருச்சபைகள் நடத்திய பள்ளிகள், அரசு கொடுத்த பணம். தாய்மொழி பேசினால் அடி. கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களில்தான். நம் கரையில் நடந்ததை அதற்குச் சமம் என்று சொல்ல மாட்டேன். இங்கே பிள்ளைகள் தாய் தகப்பனோடுதான் இருந்தார்கள், கற்பித்ததும் தமிழில்தான். ஆனாலும் பிள்ளைகள் வழியாக ஒரு சமூகத்தை மாற்றுவது என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் வேலை செய்தது. அங்கே உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015ல் 94 பரிந்துரைகள் வைத்தது. அவற்றில் 83ஆவது, கனடா கலை மன்றம் நல்லிணக்கத்துக்கு உதவும் படைப்புகளுக்கு நிதியில் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. 2017ல் அந்த மன்றம் பூர்வகுடிக் கலைகளுக்கென்று தனி நல்கைத் திட்டம் தொடங்கியது. விண்ணப்பங்களைப் பார்ப்பவர்களும் பூர்வகுடியினரே. அடிபட்டவர் தம் கதையைத் தாமே எழுதவும், யார் எழுதுவது என்று தாமே முடிவு செய்யவும் பொதுப்பணம் கொடுக்கப்படுகிறது. பாதுகைப் பணம் திரும்பி வந்தபோது இந்தக் கரைக்குக் கிடைக்காமல் போன உரிமை அதுதான்.

2028 அக்டோபர் 20ல் ‘தம்பிரான் வணக்க’த்துக்கு 450 வயது. விழா மேடையும் நினைவு மலரும் எப்படியும் வந்துவிடும். நான் கேட்பது வேறு. அண்டிரிக் அடிகளாரும் மற்றவர்களும் இந்தக் கரையிலிருந்து எழுதிய கடிதங்களைத் தமிழாக்க போர்ச்சுக்கீசியம் கற்ற இரண்டு இளைஞர்களுக்கு மூன்று வருடச் சம்பளம் வேண்டும், அவர்கள் புன்னைக்காயல், வேம்பாறு, மணப்பாடு பிள்ளைகளாக இருந்தால் நல்லது. ‘அடியார் வரலாறு’ புதிய பதிப்பாக வர வேண்டும். அதன் சொல்லடைவைச் செய்ய உட்காரும்போது வயதான மீனவர்களையும் உடன் உட்காரவைக்க வேண்டும், அகராதிக்கு வராத கடற்சொல் அவர்கள் வாயில்தான் இருக்கிறது. காயல்பட்டினத்து முஸ்லிம் குளிகாரர்களின் வரலாறும் அதே திட்டத்தில் சேர வேண்டும், பார் இரண்டு பேருக்கும் பொது. தேர்வுக் குழுவில் பாதிப் பேர் கடற்கரை ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும். அரசு ஒரு பங்கு போடட்டும், துறைமுகத்தால் சம்பாதிக்கும் நிறுவனங்கள் ஒரு பங்கு போடட்டும், ஊர்க் கமிட்டிகள் ஒரு சனிக்கிழமை மீன்பாட்டை ஒதுக்கட்டும். நூலின் முதல் பக்கத்தில் கொடுத்தவர் எல்லோருடைய பெயரும் ஊர்வாரியாக அச்சாக வேண்டும்.